ஜனவரி மின்வெட்டும் எங்கள் வீட்டுப் பச்சையப்பனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் செல்லப் பிராணிகளைப் பேணுவது பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நாய்க்குக் கம்பளிச் சட்டை போடலாம், பூனைக்குப் பழைய போர்வையை நான்காக மடித்து அட்டைப் பெட்டியில் விரிக்கலாம், மின்சாரம் போய்விட்டால் மேலும் ஒரு போர்வை போர்த்தலாம் என்று எழுதியிருந்தார்கள். நாய்க்கும் பூனைக்கும் சரி. கடைசியில், போகிற போக்கில், ஆமைக்கும் ஓணான் வகைகளுக்கும் இதுவே பொருந்தும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பொருந்தாது. ஒரு ஜனவரி இரவு முழுக்க விழித்திருந்து அதைத் தெரிந்துகொண்டவள் நான்.

எனக்கு வயது 68. மயிலாடுதுறைப் பக்கத்தில் பிறந்து, 1981இல் மத்திய அரசு வேலைக்காக ஜி.டி. எக்ஸ்பிரஸில் புதுதில்லி வந்து இறங்கியவள். ஓய்வு பெற்று, மயூர் விஹாரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். தனியாக என்று சொன்னால் என் பேரன் கோபித்துக்கொள்வான். அவன் புனேக்குப் படிக்கப் போனபோது என் பொறுப்பில் விட்டுச்சென்ற பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி ஒன்று என்னுடன் இருக்கிறது. மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்றரை அடி. அதில் பெரும்பகுதி வால்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெயர் பச்சையப்பன்.

வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பச்சோந்தி என்கிறார்கள், மீதிப் பேர் உடும்பு என்கிறார்கள். இரண்டும் இல்லை. உடும்பை வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். நட்சத்திர ஆமைக்கும் அப்படியே. இவன் பூர்விகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். இவ்வகை அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பேரன் முறைப்படி பதிவு செய்திருக்கிறான். ரசீதை நான் ரேஷன் கார்டுடன் வைத்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது வனத்துறைக்குப் போன் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான்.

இன்னொன்று. இகுவானா சுத்த சைவம். நான் அவனை வைத்துக்கொள்ளச் சம்மதித்ததே அதனால்தான். முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை, பூசணிக்காய்த் துருவல், செம்பருத்திப் பூ. குளிர்காலத்தில் இங்கே கடுகுக்கீரை மலிந்து கிடக்கும், அதுவும் சாப்பிடுவான். கரப்பான்பூச்சியும் எலிக்குஞ்சும் கேட்கிற ஜந்துவாக இருந்திருந்தால் பேரனையும் சேர்த்து வெளியே அனுப்பியிருப்பேன்.

சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, மணி ஒன்பது நாற்பது. மின்சாரம் போயிற்று. பால்கனியில் நின்று பார்த்தேன். எதிர் அடுக்ககம் தெரியவில்லை. இருட்டினால் அல்ல, மூடுபனியினால். நிலத்தடிக் கேபிளில் பழுது என்று காவலாளி சொன்னார். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நான் கவலைப்படவில்லை. அது இருபத்தைந்து நிமிடம் முனகிவிட்டு அணைந்தது.

அந்த இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. ஏட்டுக் கணக்கில் 1,800 வாட் மணி. பச்சையப்பன் கூண்டில் உள்ள செராமிக் வெப்ப விளக்கு 100 வாட். நல்ல பேட்டரியாக இருந்து, வேறெதுவும் ஓடாமல் அதை மட்டும் ஓட்டியிருந்தால், இழப்பெல்லாம் போக எட்டுப் பத்து மணி நேரம் தாங்கியிருக்கும். இதை என் பேரன் பிறகு காகிதத்தில் போட்டுக் காட்டினான். ஆனால் அந்தப் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் கடைசியாக ஊற்றியது மே மாதம். தில்லியில் பேட்டரியின் நினைவு மே மாதத்தில்தான் எல்லோருக்கும் வரும். போதாததற்குக் குளிரில் ஈய அமில பேட்டரியின் திறன் தானாகவே குறையும் என்றார் பழுதுபார்க்க வந்தவர். எங்கள் குடியிருப்பு ஜெனரேட்டரோ லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும்தான். காற்று மாசு கூடும் குளிர்மாதங்களில் டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கட்டுப்பாடு வேறு. அதில் எனக்குச் சண்டை இல்லை, நானும் இருமுகிறவள்தான்.

மின் விநியோக அலுவலகத்தின் புகார் எண்ணுக்கு மூன்று முறை முயன்றேன். நான்காம் முறை ஓர் இளைஞர் எடுத்தார். எப்போது வரும் என்று ஹிந்தியில் கேட்டேன். "மாதாஜி, இது என்ன ஜூன் மாதமா? ரஜாய் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். எழுந்திருக்கும்போது வந்திருக்கும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மின்வெட்டு என்றால் கோடைக்காலத்துச் சங்கதி, குளிரில் போனால் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை இருக்கிறது என்பதுதான் இந்த ஊரின் பொதுக் கருத்து. தங்கள் கட்டுரையாளர் சொன்னதும் அதேதான்.

போர்வை சூடு தருவதில்லை, ஐயா. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. நமக்குள் 37 டிகிரியில் ஓர் அடுப்பு ஓயாமல் எரிகிறது. நாய் பூனைக்கும் அப்படியே. அதனால் அவற்றுக்குப் போர்வை பலிக்கிறது. ஊர்வனவற்றுக்குள் அந்த அடுப்பு இல்லை. வெயிலிலோ விளக்கடியிலோ போய்ப் படுத்து, உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ளும். குளிர்ந்துபோன இகுவானாவுக்குப் போர்வை போர்த்துவது, குளிர்ந்த கல்லுக்குப் போர்வை போர்த்துவது போல. உள்ளே இருக்கும் குளிரைப் பத்திரமாகக் காப்பாற்றுவதுதான் அதன் பலன்.

இது எனக்கு விஞ்ஞானத்தால் தெரியவில்லை. இட்லி மாவினால் தெரியும். தில்லியில் குடித்தனம் நடத்திய தமிழ்ப் பெண்கள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜனவரியில் மாவுப் பாத்திரத்தை எத்தனை கம்பளியால் சுற்றினாலும் காலையில் கரைத்து வைத்தபடியே, ஒரு குமிழி இல்லாமல் இருக்கும். பக்கத்தில் சூடான பொருள் ஒன்று வேண்டும். நான் நாற்பது வருடமாகச் செய்வது: தெர்மகோல் பெட்டியில் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்றை வைத்து மூடிவிடுவேன். காலையில் பொங்கியிருக்கும். அன்றும் அப்படித்தான் மாவைப் பெட்டியில் வைத்திருந்தேன்.

கூண்டின் வெப்பமானி இரவு ஒன்பதரைக்கு 29 காட்டியது. பதினொன்றுக்கு 21. கண்ணாடிக் கூண்டு சூட்டைப் பிடித்துவைக்காது. விளக்கின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கூண்டைச் சுற்றி ரஜாயைப் போட்டேன். இந்தக் கட்டத்தில் போர்வைக்கு வேலை உண்டு, மறுக்கவில்லை; உள்ளே மிச்சமிருந்த சூட்டை ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் செய்யும். ஆனால் ஸ்விட்சை அணைக்க மறக்கக் கூடாது. நாம் கண்ணயர்ந்த நேரத்தில் மின்சாரம் திரும்பி வந்தால் விளக்கின் மேல் கிடக்கும் ரஜாய் தீப்பிடிக்கும்.

பன்னிரண்டேகாலுக்குக் கூண்டில் 17. பச்சையப்பன் பச்சையாக இல்லை. குளிர ஆரம்பித்தால் இகுவானாவின் நிறம் கறுக்கும். கண் பாதி மூடியிருந்தது. தொட்டால் வாலை வீசுகிறவன், நான் முதுகில் கை வைத்ததைக் கூடக் கண்டுகொள்ளவில்லை. அவனுக்கு இரவில் கூட 23, 24 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. பகலில் வெயில் காயும் இடம் 32க்கு மேல் இருக்க வேண்டும்.

பேரனைப் போனில் எழுப்பினேன். அவன் முதலில் சொன்னது: "பாட்டி, அசையவில்லை என்றால் செத்துவிட்டது என்று நினைத்துத் துளசித் தீர்த்தம் விட்டுவிடாதீர்கள்." 2020 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் குளிர் அலை வந்தபோது, மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம் என்று மயாமி வானிலை அலுவலகமே மக்களை எச்சரித்ததாம். விறைத்து விழுந்தவை எல்லாம் செத்தவை அல்ல. வெயில் ஏறியதும் பல எழுந்து நடந்துவிடும். மழை எச்சரிக்கை கேட்டிருக்கிறேன், பல்லி எச்சரிக்கை அன்றுதான் கேள்விப்பட்டேன். சிரிப்பு வரவில்லை.

முதல் காரியமாகப் பச்சையப்பனைத் தூக்கி என் சால்வைக்குள், வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கழன்று கையோடு வந்துவிடும்; மார்பின் கீழ் ஒரு கை, பின்கால்களுக்குக் கீழ் ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டும். அவனுக்கு இல்லாத அடுப்பு என்னிடம் இருந்ததே. நகம் ஸ்வெட்டரில் மாட்டிக்கொண்டது. பேறுகாலத்துக்குப் பிறகு என் வயிற்றின் மேல் எதுவும் அப்படிப் படுத்ததில்லை. அவனை ஒரு கையால் அணைத்தபடியே அடுப்பில் தண்ணீர் வைத்தேன். குழாய் எரிவாயு இருந்தது, அதற்கு மின்சாரம் வேண்டாம்.

பெட்டிதான் பிரச்சினை. மாவுப் பெட்டிக்குள் அவன் தலையும் முன்கால்களும்தான் போகும். கீழ்த்தளத்தில் இருக்கும் மலையாளச் சேச்சியின் கதவைத் தட்டினேன். அவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கி வரும் பெரிய தெர்மகோல் பெட்டியைக் கேள்வி ஏதும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கழுவித்தான் வைத்திருந்தார். என்றாலும் வாடை என்று ஒன்று உண்டே. 68 வருடம் காப்பாற்றிய ஆசாரம் அன்று இரவு ஒன்றேகால் மணிக்கு என் படுக்கையறைக்குள் மீன் பெட்டியாக நுழைந்தது.

ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் பெட்டியின் மேற்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டேன். மாவுக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையை எடுத்து, நீரை மாற்றி, துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். மறு பக்கம் காலி. சூடு அதிகமானால் அவன் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். துண்டு சுற்றாமல் வைத்தால் வெந்துவிடுவான். அடியிலிருந்து வரும் சூடு சுட்டாலும் இவை சட்டென்று விலகுவதில்லை, தீப்புண் வந்த பிறகுதான் நமக்கே தெரியும். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்போமே, அதுபோல் துண்டின் மேல் மணிக்கட்டை வைத்துப் பார்த்தேன். இன்னொரு எவர்சில்வர் பாட்டிலிலும் வெந்நீர் ஊற்றிக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். குடிநீர் வரும் பிளாஸ்டிக் பாட்டில் உதவாது, கொதிநீர் பட்டதும் சுருங்கி ஒழுகும். பச்சையப்பனைத் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயைத் தளர்வாக முடிந்து, உள்ளே படுக்கவைத்தேன். இருட்டில் அவன் அமைதியாக இருப்பான். கூண்டு வெப்பமானியின் கம்பியைத் துளை வழியாக உள்ளே விட்டேன். அதன் மேல்தான் தங்கள் கட்டுரையாளர் சொன்ன போர்வை.

அரை மணியில் பெட்டிக்குள் 22. இரண்டரைக்கு 25. அதற்கு மேல் நான் ஏற்றவில்லை. அவசரப்பட்டு வெந்நீரில் முக்குவது, தலைமயிர் உலர்த்தும் கருவியை முகத்துக்கு நேரே பிடிப்பதெல்லாம் ஆபத்து என்று பேரன் நூறு முறை சொல்லியிருந்தான். குளிர்ந்தவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீட்க வேண்டும். ஒன்றரை மணிக்கொரு தரம் வெந்நீர் மாற்றினேன். பசிக்குமே என்று தோன்றினாலும் கீரை எதுவும் கொடுக்கவில்லை. உடம்பில் சூடு இல்லாவிட்டால் இரைப்பையில் போனது ஜீரணமாகாமல் அழுகும்.

நடுவில் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வெளிச்சம் பார்த்து வந்து, தன் வீட்டு அங்கீட்டியை, அதாவது கரிக் கணப்புச் சட்டியை, தருகிறேன் என்றார். நல்ல மனது. நான் வேண்டாம் என்றேன், அவரையும் அதை வராந்தாவில் வைக்கச் சொன்னேன். மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடு ஏறி, காலையில் எழுந்திருக்காத குடும்பங்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் தங்கள் நாளிதழிலேயே படிக்கிறோம். எரிவாயு அடுப்பைக் கொளுத்திவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வதும் அதே கதைதான். வீட்டிலேயே கதகதப்பான இடம் சமையலறை என்றாலும் பச்சையப்பனை அங்கே வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊர்வனவற்றின் மேல் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும். ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், அந்தக் குளிர்ந்த தண்ணீரில்.

காலை ஏழேகாலுக்கு மின்சாரம் வந்தது. ஒன்பதரை மணி நேரம். எட்டரைக்கு அவன் விளக்கடியில் ஏறிப் படுத்தான், பத்து மணிக்குப் பச்சை திரும்பியது, மதியம் என் கையை வாலால் அடித்தான். இரண்டு நாள் கழித்து அவன் தும்ம ஆரம்பித்ததும் மறுபடி வயிற்றைக் கலக்கியது. ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடி, ஆட்டோவில் மீன் பெட்டியோடு போனேன். அவர் சிரித்தார். இகுவானா தும்முவது சளியால் அல்ல. உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கு வழியாக வெளியேற்றும் சுரப்பி அதற்கு உண்டு. கூண்டுக் கண்ணாடியில் நான் வாரம்தோறும் துடைக்கும் வெள்ளைப் பொடி அந்த உப்புதான். மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினாலோதான் நுரையீரல் கோளாறு, அப்போது உடனே வர வேண்டும் என்றார்.

தொட்டி ஆமை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மயூர் விஹாரில் வீதிக்கு நான்கு வீட்டில் சிவப்புக் காது ஆமை இருக்கிறது, அதிர்ஷ்டம் வரும் என்று யாரோ சொன்னார்களாம். தண்ணீர் காற்றைப் போலச் சட்டென்று குளிர்வதில்லை, அதனால் உங்களுக்கு எங்களைவிட அவகாசம் உண்டு. தொட்டியின் பக்கங்களைக் கம்பளியாலோ தெர்மகோல் பலகையாலோ மூடுங்கள், மேலே காற்றுக்கு வழி விட்டு. பதற்றத்தில் கொதிநீரைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

இனி என் வழக்கு. கோடைக்கு முன்னதாகக் கேபிள்களையும் டிரான்ஸ்பார்மர்களையும் பராமரிக்க, தேவை குறைவாக இருக்கும் குளிர்மாதங்களைத்தான் எங்கள் பகுதியில் தேர்ந்தெடுக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் டிசம்பர் முதல் ஜனவரி வரை அறிவித்துவிட்டுச் செய்யும் மின்நிறுத்தமாவது காலை பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கட்டும். சென்ற வாரம் எங்கள் தொகுதிக்கு வந்த குறுஞ்செய்தி காலை ஐந்து முதல் ஒன்பது வரை என்கிறது. அந்த விடியற்காலை நேரம்தான் இந்த ஊரில் குளிரின் உச்சம். எங்கள் வீடுகளெல்லாம் கோடைக்குக் கட்டியவை. மின்சாரம் போனால் ஜனவரியில் என் படுக்கையறை 12 டிகிரிக்கு இறங்கும். இரண்டாம் மாடியில் ஆக்சிஜன் கருவியோடு ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்கும் ரஜாய் போதாது. எதிர்பாராத பழுது என்றால், எத்தனை மணி நேரம் ஆகும் என்று உள்ளதைச் சொல்லட்டும். இரவு பத்து மணிக்கே "காலை ஏழு" என்று சொல்லியிருந்தால் நான் பன்னிரண்டேகால் வரை காத்திருந்திருக்க மாட்டேன். தங்கள் நாளிதழ் இதை எழுதினால் மின் விநியோக அலுவலகம் படிக்கும். நான் போன் செய்தால் ரஜாய்தான் கிடைக்கிறது.

என் பங்குக்கு, கார்த்திகைத் தீபத்தன்றே புதுப் பேட்டரி வாங்கியாயிற்று. மீன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், சேச்சி வாங்க மறுத்துவிட்டார். அது இப்போது பரணில், தலையணை உறையும் இரண்டு வெந்நீர்ப் பைகளும் உள்ளே வைத்தபடி இருக்கிறது. இரண்டு ஏன் என்றால், அன்றிரவு ஒரே ஒரு பைதான் இருந்தது, அதையும் மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை மாவு பொங்கவே இல்லை. ரவையும் மோரும் கலந்து தோசையாக வார்த்து, சேச்சி வீட்டுக்கும் நான்கு கொடுத்தனுப்பினேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயூர் விஹார், தில்லி.